ஆணுறைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே

ஹேவ்லாக் என்றதும் சுற்றுலா போகிறவர்களுக்கு ராதாநகர் கடற்கரையும் ஸ்கூபா டைவிங்கும் நினைவுக்கு வரும். 2018 டிசம்பரில் அந்தத் தீவுக்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அரசுக் காகிதங்களில் மாறிவிட்டது, பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலும் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிக் குடும்பங்கள். அவர்களோடு ரிசார்ட்டிலும் கட்டட வேலையிலும் கடைகளிலும் பிழைக்க வந்த பிற மொழிக்காரர்கள், தமிழர்கள் உட்பட. தீவுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் சுமார் நாற்பது கிலோமீட்டர் கடல் தாண்டிப் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசுக் கப்பலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கடல் கொந்தளித்தால் கப்பலே கிடையாது. இப்படி ஒரு தீவில் எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு தேவைகள். ஒரு நாளும் தவறாமல் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) மாத்திரை வேண்டும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று அவர் நினைத்தால் அதற்கும் ஒரு வழி வேண்டும். முதல் தேவையை நாடு 2004 முதல் இலவசமாகவே நிறைவேற்றி வருகிறது. இரண்டாவதைப் பற்றி அவரிடம் யார் பேசுவது, எந்த அறையில் பேசுவது, எத்தனை வழிகளை அவர் முன் வைப்பது என்பதில்தான் சிக்கல்.

எச்.ஐ.வி. பரவல் அதிகமுள்ள பகுதிகளின் பட்டியலில் அந்தமான் இருந்ததில்லை. அப்புறம் ஏன் ஹேவ்லாக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நம் ஊர்களில் பஸ் கட்டணத்துக்குள் மறைந்துகொள்கிற ஒரு குறை, கடல் குறுக்கே கிடக்கும் இடத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது என்பதே காரணம். தமிழ்நாட்டில் ஒரு பெண் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, கருத்தடைக்கு வேறொரு நாள் வேறொரு கட்டடத்தில் குடும்ப நலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே தன் நோயைச் சொல்வதா மறைப்பதா என்று தவித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வரவும் செய்யலாம். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தீவில் அதே அலைச்சலுக்கு ஒரு நாள் கூலியும் கப்பல் டிக்கெட்டும் போகும். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் எதற்குப் போர்ட் பிளேர் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் தயாரிக்க வேண்டும். இரண்டு சேவைகளும் இரண்டு துறைகளிடம் பிரிந்து கிடப்பதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளிதான்.

இந்தியாவில் இந்த நோயின் கதையே பெண்களிடமிருந்துதான் தொடங்கியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. வேலூர் சி.எம்.சி.யில் அந்தப் பரிசோதனை நடந்தது. அன்று தொடங்கி வெகுகாலம் எச்.ஐ.வி. உள்ள பெண் என்றால் நோயைப் பரப்புகிறவள் அல்லது நோயுள்ள பிள்ளையைப் பெறப்போகிறவள் என்ற பார்வைதான் ஓங்கியிருந்தது. பெரும்பாலான பெண்களுக்குக் கணவனிடமிருந்தே தொற்று வந்தது என்பது பின்னால் தெளிவானது. 1998இல் சென்னையில் கௌசல்யா பெரியசாமி முதலான பெண்கள் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், அவர்களில் பெண்கள் பாதிக்குச் சற்றே குறைவு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். அதாவது இருபத்தைந்து வயதில் நோய் தெரியவந்த ஒரு பெண்ணுக்கு இன்னும் இருபது வருடக் கருத்தரிக்கும் காலம் பாக்கி இருக்கிறது. அந்த இருபது வருடத்துக்கு நாம் அவரிடம் நீட்டுவது என்ன?

பெரும்பாலும் இரண்டே பொருள்கள். ஒன்று ஆணுறை, மற்றது ஆபரேஷன். ஏ.ஆர்.டி. மையத்தில் ஆணுறை தருவார்கள், அதைப் பற்றிப் பேசுவார்கள். நோய்த்தடுப்புக்கு அது வேண்டும். பிரசவ வார்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். நடுவில் இருக்கிற காப்பர்-டி, ஊசி, மாத்திரை எல்லாம் யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கும். இது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பார்த்தால் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தமிழ்நாட்டில் 57.8 சதவீதம். நாடு முழுக்கக் காப்பர்-டி 2.1 சதவீதம், ஊசி 0.6 சதவீதம். ஆண்களுக்கான ஆபரேஷன் 0.3 சதவீதம். தற்காலிக முறை என்பதே நம் குடும்ப நலத் திட்டத்தில் ஓர் ஓரத்தில் இருக்கிற சங்கதி. எச்.ஐ.வி. வந்தவுடன் அந்த ஓரமும் அழிந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஆணுறையை முதலில் பார்ப்போம். நோயையும் கருவையும் ஒருசேரத் தடுப்பது அது ஒன்றே. அதன் மேல் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் கருத்தடையாக மட்டும் எடைபோட்டால் கணக்கு வேறு. சாதாரணமாக மக்கள் பயன்படுத்துகிற விதத்தில் பயன்படுத்தினால் ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் நூறு பெண்களில் சுமார் பதின்மூன்று பேர் ஒரு வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். ஊசியில் அது நான்கு. காப்பர்-டியில் ஒன்றுக்கும் குறைவு. அந்தப் பதின்மூன்றில் பெரும்பங்கு ரப்பர் கிழிந்ததால் வருவது இல்லை. அன்றைக்கு அது இல்லை, அவருக்குப் பிடிக்கவில்லை, குடித்திருந்தார், சொல்ல முடியவில்லை என்ற காரணங்களால் வருவது. பெண்ணிடம் கொடுத்தனுப்பப்படும் ஆணுறையைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் ஆண். கணவனிடம் தன் நோயைச் சொல்லாத பெண்ணுக்கு அதைப் பையிலிருந்து எடுப்பதே ஆபத்து. தவறிவிட்டால் அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறதே என்றால், மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று சட்டம் சொல்கிற அந்த மாத்திரை தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல வருடங்களாகக் கேட்டாலும் கிடைப்பது அபூர்வம். ஆக, ஆணுறை மட்டும் போதும் என்று சொல்லும்போது கருத்தரிப்பதா வேண்டாமா என்ற முடிவைக் கணவனின் கையில் கொடுத்துவிட்டு, விளைவை மட்டும் பெண்ணிடம் விடுகிறோம்.

இனி ஆபரேஷன். இரண்டு பிள்ளைகள் பெற்று, போதும் என்று தானே தீர்மானிக்கிற பெண்ணுக்கு அது நல்ல முறைதான், எச்.ஐ.வி. இருப்பது அதற்குத் தடையும் இல்லை. பிரச்சினை, அது யாருடைய தீர்மானம் என்பதில் வருகிறது. பிரசவ வலியில் படுத்திருப்பவரிடம், உனக்கு இந்த நோய் இருக்கிறது, இத்தோடு முடித்துக்கொள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. நமீபியாவில் எச்.ஐ.வி. உள்ள மூன்று பெண்கள் இதே குறையோடு நீதிமன்றம் போனார்கள். 2012இல் உயர் நீதிமன்றமும், மேல்முறையீட்டில் 2014இல் உச்ச நீதிமன்றமும், பிரசவ வேதனைக்கு நடுவே வாங்கிய கையெழுத்து தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லை என்று தீர்ப்பளித்தன. நோயைக் காரணமாக வைத்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் உயர் நீதிமன்றம் சொன்னது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். நம் நாட்டில் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், கர்ப்பமாக இருக்கும் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அவர் விவரம் அறிந்து சம்மதிக்காமல் கருத்தடை ஆபரேஷனோ கருக்கலைப்போ செய்யக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இப்படி ஒரு வாசகத்தைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்ததே, நடப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

ஆபரேஷனுக்குப் பின் நடப்பதையும் யோசிக்க வேண்டும். கணவன் இறந்து, கூட்டு மருந்தால் உடல் தேறி, முப்பது வயதில் மறுமணம் செய்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் தங்களுக்குள் மணம் முடிப்பது இப்போது புதுமை இல்லை. இருபத்திரண்டில் செய்த ஆபரேஷன் அப்போது பெரிய பாரமாகிவிடும். கரு உண்டாகும் பயம் போனபின் வீட்டில் ஆணுறைக்கு இருந்த கடைசிக் காரணமும் போய்விடுவது இன்னொன்று. நோய்த்தடுப்பைச் சொல்லி ஆபரேஷனை வற்புறுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பெண்ணுக்குக் கருத்தடை எதற்காக என்ற கேள்வி தமிழுக்குப் பழையது. 1930 வாக்கிலேயே பெரியார் இதை எழுப்பிவிட்டார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, தான் ஆதரிப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். காரணம் எதுவாயிருந்தால் என்ன, பலன் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் காரணம் மாறினால் சேவையின் அமைப்பே மாறிவிடும். நாட்டுக்காக என்றால் இலக்கு வைப்பார்கள், முகாம் போடுவார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, அதைத் தொடர்ந்து 13 பேர் இறந்தது அப்படித்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது. நோய்க் கட்டுப்பாட்டுக்காக என்றால், பிள்ளையே வேண்டாம் என்று முடித்துவிடுவது சுலபமாகத் தோன்றும். பெண்ணுக்காக என்றால் மட்டும்தான், உனக்குப் பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும் என்ற கேள்வி முதலில் வரும்.

வேடிக்கை என்னவென்றால், நோய்க் கட்டுப்பாட்டுக் கணக்கும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. போவதைத் தடுக்க ஐ.நா. அமைப்புகள் வகுத்த திட்டத்துக்கு நான்கு கால்கள்: பெண்ணுக்கே நோய் வராமல் காப்பது, நோயுள்ள பெண்ணுக்கு எண்ணாத கர்ப்பம் நேராமல் உதவுவது, கர்ப்பமானவரிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுப்பது, தாய்க்கும் குடும்பத்துக்கும் தொடர் சிகிச்சை. எல்லா நாடுகளும் மூன்றாவது காலைத்தான் பலமாகக் கட்டின. 2004இல் ஸ்விட்சர்லாந்தின் க்ளியோனில் ஒரு கூட்டம் கூட்டி, இரண்டாவதை மறந்துவிடாதீர்கள் என்று தனியாக வேண்டுகோள் விடும் அளவுக்கு அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. அந்த மிச்சத்தையும் துடைப்பது எது? பிரான்சில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே கூட்டு மருந்து தொடங்கி, பிரசவத்தின்போது ரத்தத்தில் கிருமி அளவு மிகக் குறைவாக இருந்த தாய்மார்களுக்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடத் தொற்று இல்லை. பொதுவாகத் தாய்ப்பால் தவிர்க்கப்படும் நாடு அது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் செய்தி தெளிவு. கிருமி அடங்கும்வரை காத்திருந்து பெற்றுக்கொண்டால் பிள்ளை தப்பிக்கிறது. காத்திருக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ தேவைப்படும். அந்த இடைவெளியை ஆபரேஷன் தர முடியாது. ஆணுறை மட்டும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்குத்தான் தற்காலிகக் கருத்தடை அதிகம் தேவைப்படுகிறது.

அப்படியானால் நடுவில் இருக்கும் முறைகள் இவர்களுக்குப் பாதுகாப்பானவையா என்பது அடுத்த கேள்வி. மருத்துவர்கள் தயங்குவது இங்கேதான். தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. சில எச்.ஐ.வி. மருந்துகள் ஈரலைத் தூண்டிவிட்டு, கருத்தடை ஹார்மோனை வேகமாகக் கரைத்து வெளியேற்றச் செய்யும். முன்பு நம் ஏ.ஆர்.டி. மையங்களில் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. உகாண்டாவில் எஃபாவிரென்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற கருத்தடை ஹார்மோன் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட 20 பெண்களில் மூவர் ஒரு வருடம் முடிவதற்குள் கர்ப்பமானார்கள். அவர்கள் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் தினசரி மாத்திரையின் பலத்தையும் இம்ப்ளாண்டின் பலத்தையும் குறைக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் சேர்ந்து வருவது நம் நாட்டில் சகஜம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் டி.எம்.பி.ஏ. ஊசியை எஃபாவிரென்ஸ் பாதிப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் அந்தாரா என்ற பெயரில் இலவசமாகக் கிடைப்பது இந்த ஊசிதான். காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை, அதனால் மாத்திரையோடு மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோய் முற்றி உடல் மிகவும் தளர்ந்திருப்பவருக்குப் புதிதாகப் போடுவதை மட்டும் சற்றுத் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றோடு லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்து, 1991இல் சகேலி என்று சந்தைக்கு வந்து, இப்போது சாயா என்ற பெயரில் அரசு தரும் ஹார்மோன் இல்லாத வார மாத்திரையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஃபாவிரென்ஸின் இடத்துக்கு இப்போது டோலுடெக்ராவிர் வந்துவிட்டது. அது கருத்தடை ஹார்மோன்களைக் குலைப்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் நியாயமாக இருந்த தயக்கத்துக்கு, பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை, இன்று அடிப்படை இல்லை. எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்து எந்த முறை என்று சொல்ல வேண்டும். அதைப் பார்க்கும் தகவல் ஏ.ஆர்.டி. மையத்தின் அட்டையில்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊசியைப் பற்றி இன்னொரு பயமும் பல வருடங்களாக இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறதோ என்று ஆப்பிரிக்க ஆய்வுகள் சில சந்தேகம் கிளப்பின. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாட்டினி ஆகிய நான்கு நாடுகளில் 7,800க்கும் மேற்பட்ட பெண்களை ஊசி, காப்பர்-டி, இம்ப்ளாண்ட் என்று மூன்று குழுவாகப் பிரித்து நடத்தி 2019இல் வெளியான ‘எக்கோ’ ஆய்வு, மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. ஆனால் அதே ஆய்வில் 397 பெண்களுக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. கருத்தடை கேட்டு வரும் பெண்களிடம் கருவைத் தவிர வேறு எதையும் பேசாமல் அனுப்பக் கூடாது என்பதற்கு அந்த எண் போதும். ஏ.ஆர்.டி. மையம் கருத்தடையைப் பேசாததும், கருத்தடை மையம் எச்.ஐ.வி.யைப் பேசாததும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். ஊசியும் காப்பர்-டியும் கொடுத்தால் ஆணுறையைக் கைவிட்டுவிடுவார்களே, நோய் பரவாதா? சிலர் கைவிடத்தான் செய்வார்கள். இல்லை என்று சொல்வது ஏமாற்று. ஆனால் நோய் பரவாமல் தடுப்பதில் முன்னணியில் நிற்பது இன்று கூட்டு மருந்துதான். சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளின் நகரங்களில், கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 இணைகளை வைத்து நடந்த ஆய்வு, சீக்கிரமே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததை 2011இல் காட்டியது. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றாது என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியானது. ஆகவே மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்வதும், பிற பால்வினை நோய்களுக்காக ஆணுறையையும் சேர்த்துச் சொல்வதும் சரி. ஆனால் ஆணுறையைக் கைவிடக்கூடாதே என்பதற்காக வேறு கருத்தடையைக் கொடுக்காமல் இருப்பது, எண்ணாத கர்ப்பத்தைத் தண்டனையாகக் காட்டி மிரட்டுவதற்குச் சமம். கணவனுக்குப் பாடம் புகட்ட மனைவியின் வயிற்றைப் பயன்படுத்துகிற வைத்தியம் அது.

கருத்தடையைக் கொடுக்காமல் இருப்பது ஒரு தவறென்றால், அதை நிபந்தனையாக்குவது இன்னொன்று. 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து, டோலுடெக்ராவிர் சாப்பிடும்போது கருத்தரித்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு சற்று அதிகமாகத் தெரிகிறது என்று ஒரு தகவல் வந்தது. 426 பிரசவங்களில் நான்கு. உடனே பல நாடுகளில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அந்த மருந்தைத் தர மறுத்தார்கள், அல்லது நம்பகமான கருத்தடை இருந்தால்தான் தருவோம் என்றார்கள். அந்த வருடமே ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடிய ஆப்பிரிக்கப் பெண்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், எங்களுக்குத் தகவலைச் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். கூடுதல் பிரசவங்களின் கணக்கு சேரச் சேர அந்த ஆபத்து மங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் அந்த மருந்தைப் பரிந்துரைத்தது. பெண்களின் தீர்ப்பு நிபுணர்களின் எச்சரிக்கையைவிடச் சரியாக இருந்த சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

மறுபடியும் ஹேவ்லாக். ஏ.ஆர்.டி. சேவையோடு கருத்தடையையும் சேர்த்துக் கொடுங்கள் என்றால், சின்ன ஊரில் ரகசியம் என்ன ஆவது என்று கேட்பார்கள். அந்தக் கவலை உண்மையானது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் ஒரு கதவுக்குள் நுழைவதே ஒரு செய்தியாகிவிடும். ஆனால் கூர்ந்து பார்த்தால் இந்தக் கவலை சேர்ப்பதற்குச் சாதகமாகவே பேசுகிறது. பிரிந்து கிடக்கும்போது அந்தப் பெண் தன் நோயை இரண்டு இடங்களில், இரண்டு ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். சேர்ந்து இருந்தால் ஏற்கெனவே தெரிந்தவரிடமே முடிந்துவிடும். கூட்டு மருந்தில் நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலில் இடமுண்டு. அந்தாரா ஊசியும் மூன்று மாதத்துக்கு ஒன்று. இரண்டு தேதியையும் ஒன்றாக்கினால் ஒரே கப்பல் பயணத்தில் இரண்டும் முடிந்துவிடும். அந்தாராவின் முதல் ஊசிக்குத்தான் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அடுத்தவற்றைப் பயிற்சி பெற்ற நர்ஸ் போடலாம். அப்படியென்றால், விரும்புகிறவர் மறு ஊசியைத் தீவின் சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அந்தாரா அட்டையில் எச்.ஐ.வி. என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஊசி போட வரும் பிற பெண்களுக்கு நடுவே அவரும் ஒருவர். ஊசி பிடிக்காதவர்கள் இருப்பார்கள். மாதவிடாய் தாறுமாறாகும், நிறுத்திய பிறகும் கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயணமே வேண்டாம் என்கிறவருக்குக் காப்பர்-டி: 380ஏ வகை பத்து வருடம் தாங்கும், வேண்டாம் என்றபோது எடுத்துவிடலாம்.

ஆறாயிரம் பேர் தீவில் இப்படி எத்தனை பெண்கள் இருக்கப் போகிறார்கள், இதற்காக ஏற்பாடா என்று ஓர் அதிகாரி கேட்டால் அதற்கும் பதில் உண்டு. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது மருந்து வேண்டாம், புதுப் பதவியும் வேண்டாம். ஊசியும் காப்பர்-டியும் அரசுக் கிடங்கில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆலோசகர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடினால் போதும்: அடுத்த ஒரு வருடத்தில் உங்களுக்குப் பிள்ளை வேண்டுமா? வேண்டும் என்றால் கிருமி அளவைப் பார்த்து எப்போது என்று பேசுவது. வேண்டாம் என்றால் எல்லா முறைகளையும் மேசையில் வைப்பது. எண்ணிக்கை குறைந்த இடத்தில் இதைச் செய்வது சுலபம்கூட. கணவனையும் ஒருமுறை உள்ளே கூப்பிடலாம், மனைவி சம்மதித்தால் மட்டும். ஆண்களுக்கான ஆபரேஷன் சிறியது, சில நிமிட வேலை, ஆனால் நாடு முழுக்க 0.3 சதவீதம். அந்த வெட்கக்கேட்டைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் குடும்ப நலத் துறையும் உட்கார்ந்து பேசி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், போர்ட் பிளேரிலும் சரி, நாமக்கல்லிலும் சரி, அடுத்த மாதமே தொடங்கக்கூடிய வேலை இது. அதுவரை, இதைப் படிப்பவர் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்ணாக இருந்தால் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்: நான் சாப்பிடுகிற மருந்துக்கு எந்தக் கருத்தடை ஒத்துவரும், அது இங்கேயே கிடைக்குமா? ஆபரேஷனைத் தவிர வேறு வழியில்லை என்று யாராவது சொன்னால் அது தவறான தகவல். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய முயன்றால் அது சட்டத்துக்கு விரோதம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097. கட்டணம் கிடையாது.